தாழ்ப்பாளுக்கு வந்த காய்ச்சல்

“நம்மளைத் தாண்டி ஒண்ணும் உள்ள போகாது. ஆளும் போகாது, கிருமியும் போகாது. காய்ச்சல்னா என்னன்னு யாராவது சொன்னாத்தான் எனக்குத் தெரியும்!”

கம்பி ஆலையின் வாயிற்காவலர் முப்பது வருடங்களாக வெளியிட்டுவந்த பிரகடனம் இது. தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள். தலையில் ஆலைத் தொப்பி இல்லாதவன் திருடன் என்பது அவர் சட்டம். முகம் பார்ப்பதில்லை; முதலில் அடி, பிறகுதான் விசாரணை. செம்புக் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடியவனின் தாடையைப் பெயர்த்திருக்கிறார். தொப்பியை மறந்து வந்த மேலாளரும் இரண்டு பற்களை அந்த வாசலில் விட்டுவிட்டுத்தான் போனார். அன்றுமுதல் மேலாளர் தொப்பியோடுதான் தூங்குகிறார் என்று கேள்வி.

அப்பேர்ப்பட்டவரின் மூக்குக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்தில் யாரோ போட்ட தும்மலில் ஏறி ஒரு வைரஸ் நுழைந்தது. அனுமதி கேட்கவில்லை.

உள்ளேயும் தாழ்ப்பாள்கள் உண்டு. மூக்குச் சவ்வின் உயிரணு ஒன்றுக்குள் வைரஸ் தன் மரபுச்சரத்தை இறக்கியது. உயிரணு தானே எழுதி அனுப்பும் சரங்களின் நுனியில் அடையாளமாக ஒரு வேதித் தொப்பி இருக்கும், இதற்கு இல்லை. ரோந்து சுற்றிய புரதம் அதைக் கண்டு ஊரைக் கூட்டியது. அந்தக் கூச்சலுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். கேட்ட அக்கம்பக்கத்து உயிரணுக்கள் ஆயுதத்தைத் தீட்டிவைத்தன. வைரஸ் கால் வைத்த இடத்திலெல்லாம் வேலையை நிறுத்தி, தன் சரம் அயல் சரம் என்று பாராமல் கண்டந்துண்டமாக நறுக்கின. கொலைகார வெள்ளையணுக்கள் ஓடிவந்து, கெட்டுப்போன உயிரணுக்களின் சுவரில் ஓட்டை போட்டு, “நீயே செத்துப்போ” என்று கட்டளையிட்டன. அவையும் செத்தன. பிணங்களைத் தின்ன வேறு அணுக்கள் வந்தன. கைகால் குடைச்சல், நூற்றிரண்டு டிகிரி எல்லாம் பெரும்பாலும் வைரஸ் அடித்த அடியல்ல, சொந்த ஆட்கள் அடித்தது. மேலாளரின் பற்கள் மாதிரி.

“உடம்பு அனலாக் கொதிக்குது,” என்றாள் மனைவி.

“வெயில்ல நின்னேன்டி.”

“ஓஹோ! வெயில்தான் மூக்கு வழியா ஒழுகுதாக்கும்.”

வெள்ளிக்கிழமை பேத்தியைத் தொட்டுப் பார்க்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ இருநூறு கிராமில் கிடந்தாள். மகள் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “அப்பா, அவளுக்கு எதிர்த்து நிக்கத் தெம்பு கிடையாது. லேசா சளி இருந்தாக்கூட வராதீங்க.”

“எனக்கா? சளியா?” என்று சிரித்தவர், வெள்ளிக்கிழமை காலை மனைவிக்குத் தெரியாமல் இரண்டு காய்ச்சல் மாத்திரைகளை விழுங்கினார்.

வார்டு வாசலில் நர்ஸ் அவர் நெற்றிக்கு நேராக வெப்பமானியைத் துப்பாக்கிபோல நீட்டினாள். தொண்ணூற்றெட்டு.

“ஒண்ணுமில்ல. தாத்தா, இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு உள்ள போங்க.”

போட்டுக்கொண்டார். அவர் சட்டப்படியே இனி யாரும் தடுக்க முடியாது. கண்ணாடிக்கு அப்பால் மகள் கையசைத்தாள். அவள் பக்கத்திலிருந்த பெட்டியில், அவர் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கை அசைந்தது. அந்தக் குட்டி உடம்பின் வாசலில் அடிக்க ஆள் இல்லை.

தாழ்ப்பாள் தொப்பியைக் கழற்றி, மடித்து, நர்ஸின் கையில் வைத்தார்.

“மூணு நாளாக் காய்ச்சல்மா. மாத்திரை போட்டு மறைச்சிட்டேன். என்னை உள்ள விடாதீங்க.”