ஓசூரில் ஒரு டச்சு டிஃபெண்டரும் என் தொண்டையும்

போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பெண்கள் சேர்ந்து ஃபுட்பால் ஆடுவோம். நான் டிஃபெண்டர். பின்னால் நிற்கலாம், யாரோடும் பேச வேண்டாம் என்பதால் பிடித்த இடம். போன வாரம் ஹெச்.ஆர். மேடம் என்னைக் கேப்டனாக இருக்கச் சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்வதாகத்தான் இருந்தேன். நாலு பேர் முன்னால் என் குரல் எழும்பாது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபிறகு கூச்சம் இன்னும் கூடிவிட்டது.

அப்போதுதான் ஓசூரில் ஞாயிறு காலை இலவசப் பயிற்சி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சொல்லித்தர வருபவர் நெதர்லாந்துக்காரர், டிஃபெண்டராக ஆடிப் பிறகு மேனேஜர் ஆனவர். (நம் கம்பெனி மேனேஜர் மாதிரி ஏசி ரூமில் இல்லை. மைதான ஓரத்தில் நின்று டீமை நடத்துகிறவர்.) பின்னால் நின்ற ஆள் எப்படி எல்லோரையும் நடத்தினார்? பார்க்க ஆசையாக இருந்தது.

எங்கள் கோல்கீப்பர் ஷாகிராவோடு காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். கிருஷ்ணகிரி வரை டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். சூளகிரியில் லாரி நெரிசல். ஓசூரில் ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது.

"இன்டர்வியூவாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஃபுட்பாலுண்ணா. இவளத்தான் கேப்டனாக்கப் பாக்கறாங்க. வாயே தொறக்க மாட்டா," என்றாள் ஷாகிரா.

"அப்ப நீயே கேப்டனாயிடேன்."

"அய்யோ, கோல் வுட்டா என்னை நானே திட்டிக்கணுமே!"

மைதானத்தில் அவர் நின்றிருந்தார். நரைத்த தலை, லேசாக நொண்டும் நடை. டச்சுக்காரர் பேசப் பேச ஓர் அக்கா தமிழில் சொன்னார். டச்சுக்காரருக்கு ஓட்டம் வராதாம். அதனால் முன்கூட்டியே பார்த்து மற்றவர்களை இடம் மாறச் சொல்லிப் பழகினாராம். முழங்கால் போனதும் சின்னப் பசங்கள் டீமை நடத்தினார், பிறகு பெரிய டீம். இரண்டு கிளப்பில் வேலையை விட்டு அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அதிகம் சிரித்தார்.

அப்புறம் ஆட்டம். என்னைப் பின்னால் நிறுத்தி, "பந்தைத் தொடக் கூடாது, பேச மட்டும்தான் செய்யணும்" என்றார். நான் வாயை மூடி நின்றேன். கோல் விழுந்தது. அடுத்த முறை எதிரணி இடப்பக்கமாக வந்தது. எங்கள் அணிப் பெண்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, எனக்கு மட்டும் மொத்த மைதானமும் தெரிந்தது. எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருத்தி கன்னடம், ஒருத்தி தெலுங்கு; பின்னால் வரச் சொல்லி அவரவர் மொழியிலேயே கத்தினேன்.

"ஹிந்தெ பா! வெனக்கி ரா! ஷாகி, வெளிய வாடி!"

மூன்று பேரும் ஓடிவந்தார்கள். பந்து ஷாகிரா கையில். அதன்பிறகு நான் நிறுத்தவே இல்லை.

"எத்தனை மொழியில் கத்துகிறாள்?" என்று கேட்டாராம் டச்சுக்காரர். மூன்று என்றதும், "நான் ஒன்றில்தான் கத்தினேன். அதான் வேலை போயிருக்கும்" என்றாராம்.

பின்னால் நிற்பது ஒளிந்துகொள்ள அல்ல. அங்கிருந்து தெரிவதை முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான்.

இதுபோல் போகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடியுங்கள், சூளகிரியை நம்பாதீர்கள். குடிதண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். நான் ஒரு பாட்டில்தான் கொண்டுபோனேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் "சரி மேடம்" என்றேன். தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது. மேடம் காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"இந்தக் குரலை வச்சுக்கிட்டா டீமை நடத்தப் போற?" என்று கேட்டுவிட்டு, என் பெயரை எழுதிக்கொண்டார்.