இடது காலுக்கு வெட்டிய காத்தாடி

1984 செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தடி நீள மரக் காத்தாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸிலிருந்து ஆம்பூருக்குப் போனேன். விமானத்தின் மூக்கில் சுழலுமே, அந்தக் காத்தாடி. என் நண்பன் சாதிக், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவன், தபாலில் வரவழைத்த வரைபடத்தை வைத்து ஒற்றை ஆள் விமானம் ஒன்றை இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் சவுதிக்கு வேலைக்குக் கிளம்புகிறான். அன்றைக்குப் பறந்தால் உண்டு. (அனுமதி கினுமதி எல்லாம் கேட்காதீர்கள்.)

காலை ஆறரைக்கு ரயில். 180 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கோணியில் சுற்றியிருந்ததைப் பார்த்த எதிர் சீட்டுக்காரர், "துடுப்பா சார்? பாலாத்துல தண்ணி எங்க கீது?" என்றார். சிரித்துவைத்தேன்.

ஆம்பூரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் ஒரு காய்ந்த ஏரி. அங்கே நின்றிருந்தது விமானம். குடியாத்தத்தில் லுங்கிக்கு நெய்த கட்டம் போட்ட துணியில் இறக்கைகள், பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

காத்தாடியை மாட்டினோம். சாதிக் ஏறி உட்கார, மெக்கானிக் வேலு இன்ஜினைக் கிளப்பினார். விமானம் ஜம்மென்று பின்னால் போயிற்று!

"இன்னாடா இது, ரிவர்ஸ்ல போவுது!" என்று சாதிக் குதித்து இறங்கினான். கழற்றித் திருப்பி மாட்டினோம். அப்போதும் பின்னால்தான். இடது கால் ஷூவை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்கு ஆகுமா?

காத்தாடிக்கான காகித பேட்டர்னை சாதிக்தான் எனக்கு அனுப்பியிருந்தான். நான் அதை அப்படியே மெட்ராஸ் ஆசாரியிடம் கொடுத்தேன். எது மேல்பக்கம் என்று அதில் எழுதவில்லை. அவர் கவிழ்த்துப் போட்டு, எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டிய காத்தாடியாகச் செதுக்கிவிட்டார்.

"ஷூவுக்கு எங்களுக்கு ஒரு பேட்டர்ன் போதும்டா. கவுத்துப் போட்டா அடுத்த கால். எந்தப் பக்கம்னு எழுதற பழக்கமே இல்ல" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான் சாதிக். கேட்காமல் கொடுத்த என்மேல்தான் எனக்குக் கோபம்.

வேலு மட்டும் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "இன்னாத்துக்கு பேஜார்? காத்தாடிய மாத்த முடியாது, இன்ஜினை மாத்திக்கலாம். டூ ஸ்ட்ரோக்கு பாய் இது. ஸ்பார்க் வர்ற டைமிங்க மாத்தி வெச்சா ரிவர்ஸ்ல சுத்தும்."

இரண்டு மணி நேரம் பிடித்தது. மூன்றே காலுக்கு இன்ஜின் தலைகீழாகச் சுற்ற, விமானம் நேராக ஓடியது. பிறகு சக்கரத்தின் கீழே வெளிச்சம் தெரிந்தது. ஒரு தென்னை உயரத்தில், முந்நூறு மீட்டர் தூரம் பறந்திருக்கும். இறங்கியதும் சாதிக் என்னைக் கட்டிக்கொண்டான். இருவருமே அழுதோம்.

போகிறவர்களுக்கு: காலை ரயில்தான் வசதி, மதியத்துக்கு பிரியாணி. ஆம்பூரில் ஷூவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒற்றையாக மட்டும் எதையும் வெட்டச் சொல்லாதீர்கள்.