ரப்பர் பாயில் வைத்த தராசு

"பிள்ளை, நீ படிச்சது சோறு குடுக்கிற படிப்பு. இது சோறு குடுக்காமல் வெல்லுற விளையாட்டு. உனக்கு இஞ்ச என்ன வேலை?"

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் ஒரு தகரக் கொட்டகைக்குள் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் நடத்தும் அங்கிள் இதைச் சொன்னார். சுற்றி நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து ஒரு இளம் வீரன் மெல்பேர்னில் சண்டை செய்ய வருகிறான், கடைசி இரண்டு கிழமையும் அங்கிளின் கூடத்தில்தான் பயிற்சி, பட்டம் பெற்ற உணவியலாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று சண்டையை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நான்தான் அங்கிளுக்குத் தெரிந்த ஒரே உணவியலாளர். பெயருக்கு ஒருத்தி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். அப்பா சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "சாப்பிடச் சொல்லிக் குடுக்கிறதுக்கு நாலு வருசப் படிப்போ? நான் உனக்குச் சும்மா சொல்லித் தந்தனான்" என்று அம்மா பகிடி பண்ணுவார். பண்ணட்டும். அந்தப் பட்டத்தை வீட்டில் முன்னறைச் சுவரில் மாட்டியவரும் அவர்தான்.

வந்தவனுக்குப் பத்தொன்பது வயது. டெக்ஸாஸில் பிறந்தவன், வீட்டில் ஸ்பானிஷ், வெளியில் ஆங்கிலம். ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. வருங்கால உலகச் சாம்பியன் என்று அவனுடைய காணொளிகளின் கீழே ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். பார்த்தேன், பொய்யில்லை. எதிராளியின் விலாவுக்கு அவனுடைய இடது கை இறங்கும்போது கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில்கூடச் சனம் கூடுவது பெரிய உடம்புக்காரர்களுக்குத்தான். ஐம்பத்தொரு கிலோ எடைப் பிரிவில் ஒருவன் கவனிக்கப்பட வேண்டுமென்றால் தோல்வியே இருக்கக் கூடாது. அதனால் இப்படிப்பட்ட பொடியன்களை ஊர் ஊராக அனுப்பி, சுலபமாக வெல்லக்கூடிய எதிராளியாகப் பார்த்து மோதவிடுகிறார்கள்.

அவன் அந்த எடையில் இருக்க வேண்டியவனே இல்லை. முதல் நாள் கண்டதுமே எனக்குத் தெரிந்தது. தோள் அகன்று, கை நீண்டு, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான். இரண்டு பிரிவு மேலே போனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே சண்டை பிடிக்கலாம். இதை அவனுடைய மேலாளரிடம் சொன்னேன். மேலே போனால் இவனைவிடப் பெரியவர்கள் அடிப்பார்கள், கீழேயே இருந்தால் இவன்தான் பெரியவன் என்று அவர் எனக்குக் கணக்குப் போலச் சொல்லித் தந்தார். அங்கிள் தலையாட்டினார்.

பொடியன்களைப் பார்த்து அவனும் என்னை 'அக்கா' என்று கூப்பிடப் பழகியிருந்தான். நான் கொண்டுபோகும் அவித்த முட்டையை மேலாளர் பார்க்காத நேரத்தில் விழுங்குவான். பிறகு குற்றம் செய்தவன் போலப் போய்க் கயிறடித்துத் துள்ளுவான்.

கூடத்தில் நிறை பார்க்கும் தராசு ஒரு மூலையில், பயிற்சிக்கு விரித்த தடித்த ரப்பர் பாயின் மேல் இருந்தது. மெத்தென்ற இடத்தில் வைத்தால் அது சரியாகக் காட்டாது, பெரும்பாலும் குறைத்தே காட்டும். சாதாரண விஷயம்.

"அங்கிள், தராசைச் சீமெந்து நிலத்தில வையுங்கோ."

"பத்து வருசமா அதிலதான் கிடக்குது பிள்ளை. எங்கட பொடியன்கள் எல்லாரும் அதிலதான் ஏறினவங்கள்."

"அப்ப பத்து வருசமாப் பிழை."

"ஓம் ஓம், தராசுக்கும் டயட் சொல்லிக் குடு!" என்றார். மறுபடியும் சிரிப்பு. நானே தூக்கி நிலத்தில் வைத்தேன். அடுத்த நாள் போனபோது அது பழையபடி பாயில் இருந்தது. வெறும் நிலத்தில் நின்றால் பொடியன்களுக்குக் கால் குளிருமாம்.

நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் உத்தியோகபூர்வமாக நிறை பார்த்தார்கள். சண்டை அடுத்த நாள். நிறை பார்ப்பதற்கு முந்தின நாளிலிருந்தே அவன் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கிளின் தராசு சரி என்று காட்டியிருந்ததால் எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். மேடைத் தராசில் அரைக் கிலோவுக்கு மேல் கூட நின்றது. உள்ளாடையையும் கழற்றச் சொல்லித் துவாயால் மறைத்துப் பார்த்தார்கள். அப்படியும் கூடத்தான். குறைத்துக்கொண்டு வர இரண்டு மணித்தியாலம் தந்தார்கள்.

வியர்த்து நிறை இறங்கட்டும் என்று ஹோட்டல் அறையின் குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, உப்புக் கொட்டி அவனை இறக்கினார்கள். பிறகு தூக்கிப் பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு ஓடவிட்டார்கள். மறுபடி தண்ணீருக்குள். துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை என்று மேலாளர் சொன்னார். நிறுத்துங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எச்சிலும் நிறைதான் என்று அங்கிள் வெறும் போத்தலை நீட்டி, "துப்படா தம்பி, துப்பு" என்று தமிழிலேயே அவனிடம் கத்தினார். துப்ப அவனிடம் எச்சில் இல்லை.

பிறகு அவனுக்கு வியர்ப்பது நின்றது. கையைப் பிடித்துப் பார்த்தேன். தோல் காய்ந்து, அடுப்பில் வைத்த தட்டுப் போலச் சுட்டது. அவன் என்னைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கேட்டான். என்னுடன் ஒருநாளும் அவன் ஸ்பானிஷ் பேசியதில்லை. பதில் வராததால் அதையே திரும்பத் திரும்பக் கேட்டான், அம்மாவிடம் கேட்கும் பிள்ளையைப் போல. நான் துவாயைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடி, போட்டிக்கான டொக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு தடவைதான் பார்த்தார். அம்புலன்ஸ் வந்தது, சண்டை நின்றது.

அம்புலன்ஸ் போன பிறகு ஹோட்டல் வாசலில் அங்கிள் என்னைப் பிடித்தார்.

"நீ வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தா பொடியன் நிறை இறங்கியிருப்பான்."

"எங்கை அங்கிள் இறங்கியிருப்பான்? புதைகுழிக்குள்ளையோ?"

அதற்குப் பதில் அவன்தான் சொன்னான். மறுநாள் ஆஸ்பத்திரியில், கையில் சேலைன் ஏற, சுவரைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டிருக்கலாம், அக்கா. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டிலைக் கவிழ்த்திருப்பேன். அவன்மேல் இல்லை. செத்துப்போகாததற்காக ஒரு பிள்ளையை வெட்கப்பட வைத்தார்களே, அவர்கள்மேல். சாம்பியன் என்று எழுதிய அதே சனம் அதற்குள் 'கட்டுப்பாடில்லாதவன்' என்று எழுதத் தொடங்கியிருந்தது. வயிற்றுக் கோளாறு என்று அறிவித்துவிட்டு மேலாளர் அவனைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார்.

ஆனால் டொக்டர் விடவில்லை, குத்துச்சண்டைச் சபைக்கு எழுதினார். விசாரணை என்று வந்தது. கண்டவர்களை வந்து சொல்லச் சொன்னார்கள். அந்தக் கிழமையே அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறைக் கதிரையில் என் பட்டத்துக்குக் கீழேயே இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

"வந்தவன் போய்ட்டான். இஞ்ச இருக்கிறது நாங்கள்தானே. எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

கேட்டவர் சும்மா ஆளில்லை. அப்பா இந்த நாட்டுக்கு வந்து யாரும் வேலை தராமல் நின்ற காலத்தில், கோழித் தொழிற்சாலையில் சொல்லிச் சேர்த்துவிட்டவர். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முதல் வேலை எடுத்துத் தந்தது அவர்தான் பிள்ளை. பார்த்துச் செய்."

"அங்கிள், அடுத்த மாதம் ஆர் நிறை குறைக்கிறான்?" என்று கேட்டேன். யாரென்று எனக்குத் தெரியும்: கூடத்தில் பழகும் பதினேழு வயதுத் தமிழ்ப் பொடியன் ஒருவன், உள்ளூர்ப் போட்டிக்கு. "அவனுக்கும் சுடுதண்ணியோ?"

"அவன் வலு கெட்டிக்காரன், தாங்குவான்" என்றார் அங்கிள்.

தாங்குவானாம். அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலேறி நகரத்துக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார், போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். தராசு, குளியலறை, காய்ந்த தோல், கண்டதைக் கண்டபடி சொன்னேன். அடுத்த மாதம் நிறை குறைக்கப்போகும் பொடியனைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அதையும் சொன்னேன். பயிற்சிக்கூடத்தின் ஆட்களுக்கு முன்னாலும் இதையெல்லாம் சொல்வீர்களா என்று கேட்டார்கள். எந்த நாள் என்று கேட்டேன். அடுத்த வியாழன் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் வியாழனுக்கு லீவு சொல்லிவிட்டேன்.