அம்புக்குறி போட்ட நாகமரம்

வேலாயி தன் வாழ்நாளில் கப்பல் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இலங்கைத் தோட்ட வேலைக்காக மன்னாருக்கு வந்து இறங்கியதுகூடத் தோணியில்தான், அதிலும் வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணை மூடியே கிடந்தாள். அப்படிப்பட்டவளின் கதையைப் போர்க்கப்பலில் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை.

அப்போது போர்க்கப்பல் என்றால் மரம். இரண்டு மூன்று தட்டாகப் பீரங்கிகளை அடுக்கி, பக்கவாட்டில் ஓட்டை வைத்துச் சுடுவார்கள். ஒவ்வொரு பீரங்கியும் சுடும்போது பின்னால் உதைக்கும். அந்த உதையில் தட்டு பிய்ந்துகொண்டு போகாமல் கப்பலின் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு வளைந்த கட்டை. முழங்காலை மடக்கினால் எப்படி இருக்கும், அந்த உருவம். பெயரும் முழங்கால் கட்டைதான். நேரான மரத்தை அறுத்து அதைச் செய்தால் முதல் சண்டையிலேயே பிளந்துவிடும். மரம் தானாகவே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். அடிமரம் வேராகத் திரும்புகிற இடம் அதற்கு மிகவும் தோது. ஆகவே மரத்தை வெட்டினால் போதாது, வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். பெரிய கப்பல் ஒன்றுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. சீமையில் வளைந்த மரம் அருகிப்போனதும் ஊர் ஊராக, காடு காடாகத் தேடினார்கள்.

இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்த வருஷம், கண்டிப் பக்கம் ஹுன்னஸ்கிரிய மலைச்சரிவில் கோப்பித் தோட்டம் போடுவதற்காகக் காடு அழித்துக்கொண்டிருந்தார்கள். திருகோணமலைத் துறைக்கு மரம் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆள், கோடாலிக்காரர்களுக்கு முன்னால் காட்டுக்குள் போனான். அடியில் நன்றாக வளைந்து பருத்த நாகமரம் ஒன்றைப் பார்த்து, பட்டையைச் செதுக்கி, மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறியை வெட்டிவிட்டுப் போனான். ராணியின் சொத்து என்று அர்த்தம்.

வேலாயியின் புருஷன் இராமையா கோடாலிக்காரன். காடு சாய்க்கிறதில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. அடிவாரத்தில் தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்திக்கொண்டே மேலே ஏறுவார்கள். உச்சியில் இருக்கிற பெரிய மரத்தை மட்டும் முழுசாக வெட்டித் தள்ளுவார்கள். அது அடுத்ததில் விழ, அது அதற்கடுத்ததில் விழ, மலையே படபடவென்று சரிந்து படுத்துவிடும். பிறகு காய்ந்ததும் நெருப்பு. இத்தனைக்கும் நடுவில் அந்த நாகமரத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் தொடாமல் விட்டார்கள். மலை முழுக்கக் கரியாகக் கிடந்தபோது அது ஒன்று பச்சையாக நின்றது.

"அது ராணி மரம். யாராச்சும் கைய வச்சீங்க, தொரை தோல உரிச்சுருவாரு" என்று பெரிய கங்காணி எல்லோரையும் எச்சரித்தார்.

காட்டையே அழித்துவிட்டு ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் அது சாமி மரம்தான். நம் ஆட்களுக்கு இதில் சந்தேகமே வராது. குறி போட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். ஆனால் துரையே தொடப் பயப்படுகிற மரத்தில் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அடுத்த மாதமே அடியில் ஒரு கல் வந்தது. கல்லுக்கு மஞ்சள் வந்தது. வெள்ளிக்கிழமை சூடம் வந்தது.

மறு வருஷம் மழைக்காலத்தில் வேலாயியின் மகள் பேச்சியம்மா வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனாள். இரண்டு வயது. சின்னப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கம் இல்லை, புதைக்க வேண்டும். எங்கே புதைப்பது? கூலிகளின் குடியிருப்பில் பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி தன் பிள்ளையைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்திருந்தாள். ஆறு மாதத்தில் அங்கே கோப்பிக்குக் குழி வெட்டினார்கள். வெட்டினவன் ஒன்றும் தெரியாத மாதிரி மண்ணை மூடிவிட்டு அடுத்த குழிக்குப் போனான். வேலாயி அதைக் கண்ணால் பார்த்தவள்.

"ராணி மரத்தடியில வைப்போம்" என்றாள் இராமையாவிடம். "அங்கன வச்சா நம்ம புள்ளய யாரும் கிளற மாட்டாங்க."

இராமையா அங்கே குழி வெட்டினான். மறுநாள் பால் ஊற்றினார்கள். அன்றைக்கு வேலாயி நிறைய அழுதாள். அழுது முடித்தபின் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்று பிறகு சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அது போதுமாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து முஹைதீன் வந்தார். அலவத்துகொடக்காரர். பொதிமாடுகளில் தோட்டத்துக்கு அரிசி கொண்டுவருகிறவர், எல்லோருக்கும் தெரிந்த மனுஷர், நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை மாடுகளோடு யானை ஒன்றும் சங்கிலியும் வந்தன. ஒப்பந்தக்காரர் மரம் இழுக்கும் வேலையை அவரிடம் விட்டிருந்தார். தோண்டுவதற்கு ஆட்களைத் தோட்டம் கொடுக்கும் என்று பேச்சு.

வேலாயி அவரிடம் போய் நின்றாள்.

"நானா, இது வெட்டக்கூடாத மரமில்ல?"

"யாரு சொன்ன? வெட்டத்தானே புள்ள அடையாளமே போட்டீக்கி. வேற யாரும் வெட்டாம ஈக்கத்தான் அம்பு."

"சரி, மேல் மரத்த எடுத்துக்கங்க. வேர மட்டும் விட்டுருங்க. எம் மக கெடக்குறா அங்கன."

முஹைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேர்தான் புள்ள அவங்களுக்குத் தேவ. மேல் மரம் வெறகுதான்" என்றார். பிறகு, "ரெண்டு நாள் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என்ட கையில ஒண்டும் இல்ல" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவள் கங்காணி பின்னால் திரிந்தாள். கங்காணி துரையிடம் கேட்டுவிட்டு வந்தார். கோப்பி நிற்கிற நிலத்தில் பிணம் புதைக்க இடமில்லை என்று பதில். துரை நல்லவர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் அந்தக் காடும் அடுத்த வருஷம் கோப்பி.

தோண்டுகிற நாளில் கங்காணி இராமையாவை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அவன் கேட்கவில்லை.

"வேற யாரும் வேணாம். அவ எங்கன கெடக்குறான்னு எனக்குத்தான் தெரியும்."

அவன் கையால்தான் மண்ணை எடுத்தான். வேலாயி பழைய சீலையை விரித்துப் பிடித்தாள். சேர்த்து முடிந்தபோது மூட்டை ஒரு கைக்குள் அடங்கியது. அதன்பிறகு மற்ற ஆட்கள் இறங்கி வேரைச் சுற்றித் தோண்டினார்கள், கோடாலி பட்டுப் பட்டுத் தெறித்தது, யானை இழுத்தது, மரம் போயிற்று. வேலாயி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வருமா என்று பார்த்தாள், வரவில்லை.

"இந்தக் குழியிலயே வச்சுருவோம்" என்றாள். "இனிமே இங்கன யாருக்கும் எதுவும் வேணாமே."

வைத்தார்கள். மூடினார்கள். மறு மழைக்கு அந்த வளையம் முழுவதும் கோப்பிக் கன்று நட்டார்கள்.

அடுத்த வருஷம் முஹைதீன் அரிசி கொண்டுவந்தபோது அவளைத் தேடி வந்து சொன்னார். மரம் தெல்தெனியவில் ஆற்றங்கரையில் அப்படியே கிடந்து உளுத்துப் போகிறதாம். ஒப்பந்தக்காரர் எடுக்கவில்லை. வெடிக்கிற குண்டு வந்தபிறகு மரக்கப்பல் பற்றி எரிந்து போகிறது என்று பிரான்சுக்காரன் கப்பலுக்கு இரும்புத் தகடு போர்த்தினான், இங்கிலீசுக்காரன் உடம்பையே இரும்பில் கட்டினான். இப்போது அமெரிக்காவில் இரண்டு இரும்புக் கப்பல்கள் மணிக்கணக்காகச் சுட்டும் ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியவில்லையாம். இனி யாரும் மரத்தில் போர்க்கப்பல் கட்டமாட்டார்கள் என்று திருகோணமலையில் பேச்சு.

"வளைஞ்ச மரம் வேணுமின்னாங்களே" என்றாள் வேலாயி.

"இரும்பக் காய்ச்சினா எப்படியும் வளைக்கலாம் புள்ள."

அவர் அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். ஏசினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்தார் போலிருக்கிறது. வேலாயி சாக்கைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தடவ அரிசியில கல்லு கெடக்குமா நானா?" என்று கேட்டாள்.

கன்றுகள் மூன்றாம் வருஷம் காய்த்தன. ஆழத் தோண்டிப் புரட்டிய மண் என்பதால் அந்த இடத்துச் செடிகள்தான் மலையிலேயே நன்றாகக் காய்த்தன, கொப்பு தாழ்ந்து நின்றது. பெரிய கங்காணிக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"அந்த நிரைக்கு வேற ஆள விடவா?" என்று கேட்டார்.

"எந்த நிரையா இருந்தா என்ன" என்றாள்.

நடுவில் நின்ற செடிக்கு வந்ததும் அதையும் பறித்தாள். கொப்பு கொப்பாக, ஒரு பழம் விடாமல். சிவந்த பழங்களை மற்றதோடு சேர்த்துச் சாக்கில் கொட்டினாள். சாக்கு நிறையாவிட்டால் அன்றைக்கு அரைச் சம்பளம்தான் போடுவார்கள்.