புவனாக்காவுக்கு ஒரு பழஞ்சட்டை கொண்டு வந்தார்கள்

செய்தி வந்தபோது நான் இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஓரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், ஒரு தொட்டி மட்டி கழுவிக்கொண்டு நின்றேன். போன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. நாலாம் தரம் ஈரக் கையோடு எடுத்தேன். மனைவி ரஞ்சி.

"புவனாக்கா போயிட்டா. வேலை வீட்டிலை. குளிர்காலப் போர்வையளை மேல் அலமாரியிலை வைக்க ஏணியிலை ஏறினவவாம். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி, கீழ்ப்படியிலை இருந்தவவாம். அவ்வளவுதான்."

அறுபத்து நாலு வயது மனிசியை ஏணியில் ஏற்றியது யார் என்று கேட்க வாய் வந்தது. ரஞ்சியிடம் கேட்டு என்ன பயன்.

இந்த மாதிரி நினைவு மலரில் எழுதும் படித்த ஆட்கள் துயரத்தில் தொடங்குவார்கள். எனக்கும் துயரம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அழகாக எழுத எனக்குப் படிப்புக் காணாது. பள்ளிக்கூட ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தும் அதோடு சமாதானமாகாமல் போனவன் நான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிவலிங்கண்ணை அங்கே நின்றார். எங்கள் ஆட்களுக்கு நல்லது கெட்டது என்றால் முன்னுக்கு நிற்பவர் அவர்தான், அதை மறுக்க மாட்டேன். பிரேதக் காரியம் பார்க்கும் இத்தாலிய ஆள், நாளை பின்னேரம் ஆறு மணிக்கு முன் உடுப்புக் கொண்டு வந்து தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் புவனாக்காவின் சிஞ்ஞோரா, அதாவது வேலை வீட்டு அம்மா, அவருடைய மகள் வந்தார். கையில் கயிற்றுப் பிடி போட்ட வெள்ளைக் கடதாசிப் பை. கண் சிவந்திருந்தது.

"அம்மாவின் பட்டுச் சட்டை. ஒரே ஒரு தரம்தான் போட்டது. புவனா இதை மினுக்கி மடிக்கும்போதெல்லாம் வடிவு என்று சொல்லுவாள். அவளுக்கு இதைப் போட்டு விடுங்கள்."

நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, "கிராட்சியே சிஞ்ஞோரா" என்றேன்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். யாராவது பையை நீட்டினால் கை தானாகப் போகும், வாய் தானாக நன்றி சொல்லும். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வரும். அது வந்து சேர்ந்தபோது நான் வெளியே படியில் நின்றேன், புவனாக்காவின் கடைசி உடுப்பு என்று ஒரு பழஞ்சட்டையைத் தூக்கிக்கொண்டு.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதை வாசிக்கும்போதே என்னை அறையத் தோன்றும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏப்ரல் பிறந்தால் இத்தாலியர்கள் அலமாரி மாற்றுவார்கள். கம்பளி மேலே போகும், மெல்லிய உடுப்புக் கீழே வரும். மேலேயும் கீழேயும் இடமில்லாதவை ஒரு பையில் எங்களிடம் வரும். எங்களுக்கும் அதே மாதத்தில்தான் வருசப்பிறப்பு. நான் பலெர்மோவுக்கு வந்த முதல் சித்திரையில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவர் ஒரு கோட் தந்தார். சாம்பல் நிறம், உள்ளே பட்டு. வருசப்பிறப்புக்கு நாங்கள் பூசை வைத்த மண்டபத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். வெயில் எரித்தது, வேர்த்து ஊற்றியது, கழற்ற மனமில்லை. உள்ளே நெஞ்சுப் பக்கம் தங்க நூலில் ஒரு பெயர் தைத்திருந்தது. நல்ல கம்பனி என்று நாலு பேருக்குத் திறந்து காட்டினேன். புவனாக்காவை நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, இது ஆற்றை கோட்?"

"சிஞ்ஞோரா தந்தவ அக்கா. அவவின்ரை மனிசன்ரை."

"மனிசன் எங்கை?"

"போன மார்கழி மோசம் போயிட்டார்."

"அப்ப இது கம்பனிப் பேர் இல்லை, அந்த மனிசன்ரை பேர். வருசம் பிறக்கிற நேரம் செத்த ஆளின்ரை பேரை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு நிக்கிறீர். கழட்டும்."

கழற்றினேன். உள்ளே போட்டிருந்த சட்டையும் அந்த மனிசனுடையதுதான் என்பதை நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் ரஞ்சியும் வந்து சேர்ந்தாள். வருசப்பிறப்புக்கு முந்திய வியாழன் பின்னேரம், வீட்டு வேலைக்காரருக்கு அரை நாள் ஓய்வு கிடைக்கும் நேரம், புவனாக்கா எங்களைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அது ஒவ்வொரு வருடமும் அவர் செய்கிற வேலை. புதிதாக வந்த குடும்பங்களைப் பிடிப்பார், எல்லோரையும் வரிசையில் நடத்துவார், யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்தான் சொல்லுவார். பொங்க ஒரு பானை, ஒரு விளக்குமாறு, ஒரு படுக்கை விரிப்பு. அதற்குப் பிறகு உடுப்பு.

"முதலிலை பெண்சாதிக்கு. பிறகு பிள்ளையளுக்கு. கடை பூட்ட முதல் நேரம் கிடந்தால் உமக்கு."

நான் விலைப்பேச்சில் கெட்டிக்காரன் என்று நினைத்து ஒவ்வொரு கடையிலும் நின்று வாயாடியதால் என் முறை வர முதல் கடை பூட்டிவிடும். மூன்று வருசப்பிறப்புப் புதுப் பெனியனோடு போனது.

பழைய உடுப்புக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் பை வந்தது, அவரும் வாங்கினார். "வேலைக்குப் போடுங்கோ. சியாகுல்லித் தோட்டத்திலை மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போகேக்கை போடுங்கோ. வருசத்தண்டைக்குப் போடாதேங்கோ" என்பார். ரஞ்சி ஒருதரம் ஏன் என்று கேட்டாள். சனத்துக்கு நடுவில், ஒரு கையில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"சண்டை நேரம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்திலை கிடந்தனாங்கள். லொறியிலை உடுப்பு வந்தது. ஆற்றையோ வேர்வை மணத்தோடை ஒரு வருசம் பிறந்தது எனக்கு. தந்தவை நல்ல சனம்தான். எண்டாலும் அண்டைக்கு முழுக்க நான் வேறை ஆரோவாத்தான் இருந்தன். ஒரு நாளைக்காவது நாங்கள் நாங்களா நிக்கவேணும் பிள்ளை."

ஒரு விரிப்புக் கடைக்காரர் எங்களைக் கண்டால் உடனே பழுதான துணிகள் போட்ட பெட்டியைக் காலால் தள்ளிவிடுவார். காலால். நாங்கள் குனிந்து கிளறுவோம், எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. புவனாக்கா குனியவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நான் உன்ரை வீடு கூட்ட வரேல்லை. வாங்க வந்தனான். மேல் தட்டிலை கிடக்கிறதை எடுத்து விரி."

இத்தாலியனில்தான் சொன்னார், எனக்கு இப்படித்தான் கேட்டது. கடைக்காரர் விரித்தார். ஒன்பது விரிப்பு. ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழும்பி வந்துவிட்டார். அடுத்த வருடம் அந்தக் கடையில் பெட்டி வெளியே இல்லை.

கொரோனாவுக்கு எல்லாம் பூட்டிக் கிடந்த சித்திரையில் உடுப்புக் கடை இல்லை, சந்தை இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன், இந்த வருடம் சுமை தூக்கத் தேவையில்லை என்று. வருசப்பிறப்பன்று காலை கீழேயிருந்து ஒரு சத்தம். "ரஞ்சி, கூடையை இறக்கும்." எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பல்கனியிலும் கயிறு கட்டிய கூடை உண்டு, அதில்தான் பாண் ஏறும். அன்றைக்கு மேலே வந்தது, சாப்பாட்டுச் சாமான் கடையில் விற்கும் சமையலறைத் துவாய், ஆளுக்கொன்று. முகத்தை மூடிக்கொண்டு கீழே நின்று, "தோளிலை போடுங்கோ, புதுசு புதுசுதான்" என்றார். அந்த ஒழுங்கையில் ஏழு கூடை அன்றைக்கு ஏறியது. என் மூத்த மகள், தமிழ் அன்ரிமாருடன் சந்தைக்குப் போவது வெட்கம் என்று இத்தாலியனில் சண்டை பிடிக்கிறவள், அந்தத் துவாயை நாள் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அந்த மனிசிக்குத்தான் பழஞ்சட்டை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் கூடினோம். பை மேசையில் இருந்தது. சிவலிங்கண்ணை சட்டையை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"நல்ல பட்டு. அந்தப் பிள்ளை அழுதழுது கொண்டு வந்து தந்தது. முகத்தை முறிக்கேலாது."

"அக்காவுக்கு இது பிடிக்காது அண்ணை" என்றேன்.

"அவவுக்கு இனி என்ன தெரியப்போகுது? அந்த வீட்டு வேலை இப்ப வெறுமையாக் கிடக்கு. என்ரை மனிசி கேட்டிருக்கிறா. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேலைக் கடிதம் வேணும். நீர் குழப்பாதையும்."

ரஞ்சி தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். "அக்கா ஏணியாலை இறங்கி இன்னும் ஒரு நாள் ஆகேல்லை அண்ணை. அதுக்குள்ளை உங்கடை ஆள் ஏறியாச்சோ."

சிவலிங்கண்ணை தேத்தண்ணியைத் தொடவில்லை. அவர் சொன்னதில் கள்ளம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் தங்க அனுமதி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெண்ணின் உடம்பு ஆறுவதற்குள் அவருடைய இடத்துக்கு ஆள் வைக்க எங்களால் முடிகிறது. அதை நான் இந்த மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன்.

கோடி, அதாவது கடைசிப் புதுச்சீலை, பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். புவனாக்காவுக்குக் கலியாணம் இல்லை, பிறந்த வீடென்று இருப்பது கனடாவில் ஒரு தம்பி. அவரைப் படிப்பித்து அனுப்பியது அக்காதான். போனை மேசையில் வைத்துக் கேட்டோம்.

"அங்கை என்ன கிடக்கோ அதைப் போட்டு அலுவலை முடியுங்கோ. எனக்கு லீவு கிடையாது. வீடியோ எடுத்து அனுப்புங்கோ."

போனை வெட்டினோம். அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"கோடி நான் போடுறன்."

"நீர் அவவுக்கு என்ன முறை?" என்றார் சிவலிங்கண்ணை.

"தம்பி எண்டு கூப்பிட்டவ."

மறுநாள் வியாழன். மதியம் பையைக் கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தார். வழி முழுக்கப் பாடமாக்கிய இத்தாலியன் வாசலில் பாதியாகக் குறைந்தது. சட்டை வடிவு, நன்றி, நாங்கள் புதியது போடுகிறோம் என்று சொன்னேன்.

"இது புதியது மாதிரித்தானே" என்றார்.

"ஓம் சிஞ்ஞோரா. மாதிரி."

அவர் பையை வாங்கவில்லை. "இவ்வளவு காலமும் நாங்கள் கொடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"பிடிச்சது. வேலைக்குப் போட்டவ."

புவனாக்கா அங்கே வேலை செய்த பத்தொன்பது வருடத்தில் ஒரு தரமாவது, கடையிலிருந்து நேரே வந்த ஒரு துணியை அந்த வீடு அவருக்குக் கொடுத்திருக்கிறதா என்று அவர் மனதுக்குள் தேடினார் போல. முகம் அப்படித்தான் இருந்தது. நெடுநேரம் தேடினார். பிறகு கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். அழுகையும் பொய்யில்லை. எனக்குக் கோபம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவர் என்றால் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்திருப்பேன்.

நாலு மணிக்கு நானும் ரஞ்சியும் எங்கள் ஆட்களின் சீலைக் கடைக்குப் போனோம். இந்த வருடம் அந்த வியாழனுக்குப் புவனாக்கா கூட்டிப் போக இருந்த நாலு குடும்பமும் அங்கே வந்து நின்றது, இரண்டு பிள்ளைவண்டில்களோடு. வன்னியிலிருந்து வந்த இளம் ஆட்கள். சிவலிங்கண்ணையின் மனைவியும் வந்து ஒதுக்கமாக நின்றார். கடைக்காரம்மா கேட்டார்.

"என்ன நிறம் எடுக்க? அவவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

நான் ரஞ்சியைப் பார்த்தேன். ரஞ்சி சிவலிங்கண்ணையின் மனைவியைப் பார்த்தாள். ஒருவர் பச்சை என்றார். பச்சை எனக்கு எடுத்துத் தந்தவ என்று உடனே தானே திருத்திக்கொண்டார். இன்னொருவர் நீலம் என்றார், அதுவும் அப்படித்தான். ரஞ்சிக்குக் கத்தரிப்பூ நிறம் எடுபடும் என்று புவனாக்காவுக்குத் தெரியும். என் சின்னவளுக்கு மஞ்சள் கூடாது என்று தெரியும். எத்தனையோ வருடம் எங்கள் எல்லோருக்கும் நிறம் பார்த்தவர். உங்களுக்கு என்ன நிறம் அக்கா என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. சிஞ்ஞோராவின் மகள் மீது, சிவலிங்கண்ணை மீது, கனடாத் தம்பி மீது நான் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் அந்தக் கடையில் திரும்பி என்னைப் பார்த்தது.

கடைசியில் நான்தான் எடுத்தேன். மாதுளம்பழச் சிவப்பு, மெல்லிய கரை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பிரேதக் காரியம் பார்க்கும் ஆளிடம் கொண்டு போய்க் கொடுத்தோம். பெண்கள் உள்ளே போய் அவருக்கு உடுத்தினார்கள்.

என்னைக் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன். கடையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று, நேராக நின்றது. கஞ்சி மணத்தது. யாரோ ஒருவர் அந்த மடிப்பைத் தடவி விடப் போனார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அக்கா, நிறம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கோ. போட்டு வாங்கோ.