ஆரம்பாக்கத்து முட்டிகள்

"அவளுக்குக் குடுத்தியே, அதையே எனக்கும் குடு" என்று பவுனு என் தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டு, தெரிந்தமாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து ஆராய்ச்சியில் வீடு வீடாகப் போகிற எங்கள் வேலை அதுதான். படியேறி இறங்கும் எந்த வேலையில் இருந்தாலும் இப்படிப் பையைப் பிடித்து இழுக்கும் ஒரு பவுனுவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சீட்டு

முட்டி வலிக்கு ஒரு புதுக் களிம்பு. சென்னை ஆஸ்பத்திரி ஒன்று சோதித்துப் பார்த்தது. பாதிப் பேருக்கு மருந்து உள்ள ட்யூப், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத ட்யூப். நிறம், வாசனை எல்லாம் ஒன்றே. எண் மட்டும் வேறு. எந்த எண்ணில் மருந்து இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பழவேற்காடு ஏரிக்குள் படகில் போய்ச் சேரும் ஒரு குப்பம் என் பொறுப்பு. குந்தி உட்கார்ந்து இறால் பிரிக்கிற பெண்கள். எழுந்திருக்கும்போது அத்தனை பேருக்கும் முட்டி வலி.

பவுனுவுக்கு அவள் ஓரகத்தி எல்லம்மாவின் ட்யூப்தான் வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது, மாற்ற முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. "நம்ம பாடு மாதிரியா?" என்று கேட்டாள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று இங்கே சீட்டுப் போட்டுத்தான் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். "அதேதான், பாடு மாதிரிதான்" என்றேன். உடனே பை வாரை விட்டாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

பாராட்டு

ஆரம்பாக்கம் என்னோடு வேலை பார்க்கும் ஜெனிஃபரின் பொறுப்பு. அவளுக்கு பஸ் உண்டு, ரயில் உண்டு, எனக்குப் படகு. அவள் எழுதும் தாள்களில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. பொன்னேரியில் நடக்கும் மாதக் கூட்டத்துக்கு எல்லாருக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவாள். அதுவும் நன்றாக இருக்கும். இந்த ஆராய்ச்சி முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரை மேற்பார்வையாளராக வைத்துக்கொள்வார்கள், மற்றவர் அடுத்த ஆராய்ச்சி வரும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவள் எலுமிச்சை சாதம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரே ஒரு கூட்டத்தில் நான் ஜெயித்தேன். குலுக்கலை ஜனங்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாடு மாதிரி என்று சொன்னதைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுதான் களப்பணி" என்றார். நான் ஜெனிஃபரின் முகத்தைப் பார்த்தேன். அது கொஞ்சம் வாடியிருந்தாலும் அந்த வாரம் முழுக்க எனக்குப் போதும். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கெல்லாம் இது தோணவே தோணாதுக்கா."

அவள் அதை மனசாரச் சொன்னாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு கோணி

என்னிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று டாக்டர் ஜெனிஃபரை ஒருநாள் என் குப்பத்துக்கு அனுப்பினார். படகுக்காரர் தேசப்பன், நான் உட்காரும் பலகையில் எப்போதும் ஒரு கோணியை நாலாக மடித்துப் போடுவார். பலகை ஈரம் காயாது. கோணி இல்லாமல் உட்கார்ந்தால் கரையேறும்போது துணி நனைந்து ஒட்டிக்கொள்ளும். அன்றும் என் பலகையில் கோணி விழுந்தது. எதிர்ப் பலகையில் ஜெனிஃபர் வெளிர்நீலச் சுடிதாரோடு அப்படியே உட்கார்ந்தாள். ஏரிக் காற்று அன்றைக்கு மாதிரி என்றும் சுகமாக வீசியதில்லை.

கரையில் இறங்கியதும் அவள் துப்பட்டாவால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டே நடந்தாள். "இன்னொண்ணு இல்லியாண்ணே?" என்று தேசப்பனிடம் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

"கீறது ஒரு கோணி. அது நம்ம மேடத்துக்கு."

அழுகிற முகம்

வலியை அளக்க எங்களிடம் ஓர் அட்டை உண்டு. ஒரு கோடியில் சிரிக்கும் முகம், மறுகோடியில் அழும் முகம். வலிக்குத் தகுந்த முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லம்மா ஒவ்வொரு முறையும் அழுகிற முகத்தைத் தொட்டாள். ஆனால் ஒருநாள் நான் அவள் வீட்டுப் படியேறும்போது அவள் தண்ணீர்க் குடத்தோடு மளமளவென்று எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.

"நல்லாத்தானே நடக்கிற? அப்புறம் ஏன் இந்த முகம்?" என்றேன். அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பவுனு வெளியே இறால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லம்மா என் காதருகே குனிந்தாள்.

"கொறஞ்சிதான் கீது. நீ எழுதிடாத. அவ கண்ணு பட்டா ரெட்டிப்பா திரும்பி வரும்."

சுற்று

தீர்ந்த ட்யூப்களைத் திரும்ப வாங்கி எடைபோட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எல்லம்மா கொண்டுவந்து நீட்டியதில் பவுனுவின் எண் இருந்தது. "இது உன்னுது இல்லியே" என்றேன். "இந்த வாரம் இதான் என்னுது" என்றாள். பவுனு நீட்டியது மூன்றாவது வீட்டுக்காரியின் எண். மூன்றாவது வீட்டுக்காரி நீட்டியது எல்லம்மாவுடையது. தெருவின் கடைசிவரை நடந்து பார்த்தேன். ஒருத்தியிடமும் அவளுடைய சொந்த ட்யூப் இல்லை.

"யாரு மாத்தச் சொன்னது?" என்று கத்தினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுனுதான் நிதானமாகச் சொன்னாள், புத்தி மட்டானவளுக்குச் சொல்வதைப்போல.

"நீதானே பாடு மாதிரின்னே? சீட்டு மொத நாளைக்குத்தாம்மா. அப்புறம் சுத்தி வரணும். நல்ல எடத்த ஒருத்தியே வச்சிகினு கீறதுக்குப் பேரு பாடா?"

பாடு முறையில் இடம் மாறிக்கொண்டே வரும். மீன் படும் இடமும் படாத இடமும் எல்லாருக்கும் முறைவைத்துப் போய்ச் சேரும். அதனால்தான் ஏரியில் அடிதடி இல்லாமல் இருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமா? சீட்டு மட்டும் என் நினைவில் நின்றது. அவர்களுக்குச் சுற்றுதான் பாடு.

படித்துறையில் நின்றேன். ஒவ்வொரு ட்யூபையும் முதலில் வாங்கியவள் பேரிலேயே எழுதிக் கட்டி அனுப்பினால் யாருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் நாற்காலியில் ஜெனிஃபர் உட்கார்ந்திருப்பது கண்முன் தெரிந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"பாடுன்னு சொன்னது நீங்கதானே?"

கணக்கில் வராதவை

குப்பம் முழுவதையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். ஜெனிஃபர் மேற்பார்வையாளர் ஆனாள். கழுத்தில் புது அடையாள அட்டையோடு, மிச்ச ட்யூப்களை வாங்கிப்போக அவளே வந்தாள். வரும்போது நான் முன்னதாக ஏறிக் கோணியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் எதிர்ப் பலகையின் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

உங்கள் ஊர் விவரங்களைச் சேர்க்க முடியாது, ஆரம்பாக்கத்துப் பெண்களை வைத்துத்தான் முடிவு எழுதுவார்கள் என்று அவள் பெண்களிடம் மெதுவாகச் சொன்னாள். என்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லம்மாவும் பவுனுவும் முதல்முறையாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அவளுங்க எழுத்துல வருவாளுங்க, நாம வரமாட்டோமா?" என்றாள் எல்லம்மா.

பவுனு கூடையை டொக்கென்று கீழே வைத்தாள்.

"ஆரம்பாக்கத்துக்காரி முட்டிதான் முட்டியா? எங்களுது இன்னா, கிள்ளிப் போட்ட எறாத் தலையா?"

எந்த ட்யூப்பில் மருந்து இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பொறாமை என்பது உள்ளே மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

திரும்பும்போது தேசப்பன் வழக்கம்போல என் பலகையில் கோணியை மடித்துப் போட்டுவிட்டு, இஞ்சினைக் கிளப்பக் குனிந்தார். ஜெனிஃபர் கரையைப் பார்த்தபடி போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கோணியை எடுத்து எதிர்ப் பலகையில் விரித்துவிட்டு, ஈரத்தில் உட்கார்ந்தேன்.