அக்கா சொன்ன இடங்கள்

அக்கா பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நான் நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல்தான். அதுவரை நான் பார்த்திருந்த பெரிய ஊர் கோவில்பட்டி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அக்கா அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவாள், மீதி நேரமெல்லாம் எனக்கு. ஆற்றுக்குள் ஒரு முருகன் கோவில் இருக்கிறது, வெள்ளம் வந்தால் கோவிலே முங்கிப்போகும் என்பாள். பாலத்துக்கு மேலே இன்னொரு பாலம் போகிறது என்பாள். நெல்லையப்பர் கோவிலில் தூணைத் தட்டினால் பாடுமாம். அறிவியல் மையத்தில் ஒரு கண்ணாடி ஆளைப் பனைமரமாக நீட்டுமாம், இன்னொன்று பானையாக அமுக்குமாம். பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

என்னைக் கூட்டிப்போனது அவள் இல்லை, அப்பா.

ஒரு சனிக்கிழமை காலையில் பெரியப்பா காரோடு வந்து நின்றார். அப்பாவின் அண்ணன். விதைப்பு முதல் கல்யாணம் வரை எங்கள் வீட்டில் அவர் சொன்னால்தான் நடக்கும். கூட அவருடைய மச்சினன்மார் இரண்டு பேர். அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா விடுதியில் இல்லை என்று முந்தின நாள் போன் வந்திருந்தது. கூடப் படிக்கும் பையன் ஒருவனை அவள் விரும்பினாள், அவன் எங்கள் சாதி இல்லை. அது பெரியப்பா காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பது மட்டும்தான். பண்டிகைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அக்கா எந்தெந்த இடத்தைப் பற்றிப் பேசுவாள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒன்று விடாமல் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இவளயும் கூட்டிக்கோ" என்றார் அப்பாவிடம். "சின்னப்புள்ள கூட இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அவளும் தங்கச்சியக் கண்டா ஓட மாட்டா."

காரில் பின்சீட்டுக்குக் கீழே ஒரு சாக்குப்பொட்டலம் கிடந்தது. அதன்மேல் காலை வைத்தேன். மச்சினன்களில் ஒருவர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சாக்குக்குள் இருந்தவை அரிவாள்கள். நான் வழியில் சாப்பிட ஏதோ கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். கயத்தாறில் டீ குடிக்க நிறுத்தியபோது பொட்டலத்தை ஏன் பிரிக்கவில்லை என்று எனக்குக் குறைதான்.

ஜங்ஷனில் அப்பாவையும் என்னையும் இறக்கிவிட்டார்கள். ரயில் நிலையத்தையும் பஸ் ஸ்டாண்டையும் அவர்கள் பார்ப்பது, நான் சொன்ன இடங்களை நாங்கள் பார்ப்பது என்று பேச்சு. மேம்பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். நெல்லையப்பர் கோவிலில் அப்பா உண்மையாகவே தேடினார். போனில் இருந்த அக்காவின் படத்தைப் பூ விற்கிற அம்மாவிடம் காட்டினார், செருப்பு பார்த்துக்கொள்கிறவரிடம் காட்டினார். நான் தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஆற்றுக்குள் முருகன் கோவில் இருக்கும் குறுக்குத்துறைக்குப் போனதும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. படித்துறையில் நின்று, குளிக்கிற கூட்டத்தை விட்டுவிட்டு, தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். கோவில் முங்கவில்லையே என்று நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அங்கே இருக்கும்போதுதான் பெரியப்பாவின் போன் வந்தது. அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம்.

"ஆள் கண்ணுல பட்டா நீ கிட்டப் போவாத. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு, சின்னவளக் கூட்டிட்டு பஸ் ஏறிரு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

அக்காவுக்கு மட்டும் கார், நமக்குப் பஸ்ஸா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்பா போனைச் சட்டைப்பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். படித்துறைக் கல்லில் உட்கார்ந்தார். பிறகு, பசிக்கிறதா என்று கேட்டார்.

ஓட்டலில் எனக்குப் பூரி வாங்கித்தந்தார். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பெருமாள்புரத்தில் அக்காவின் தோழி வீடு ஒன்று உண்டு, வாசலில் பெரிய நந்தியாவட்டைச் செடி நிற்கும், விடுமுறை நாளில் அக்கா அங்கேதான் இருப்பாள். அங்கேயும் போவோமா என்று கேட்டேன்.

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"ஏட்டி, இதப் பெரியப்பாட்ட சொன்னியா?"

"இல்லப்பா. அது சுத்திப் பாக்குற இடம் இல்லல்லா."

"சொல்லாத. யாரு கேட்டாலும் சொல்லாத."

அதற்குப் பிறகு அவர் ஒருவரிடமும் படத்தைக் காட்டவில்லை. அறிவியல் மையத்துக்குப் போனோம். எல்லாப் பொத்தானையும் அழுத்தவிட்டார். கோளரங்கத்தில் செயற்கை வானத்தைப் பார்த்தோம். ஐஸ்கிரீம் வாங்கித்தந்தார், கேட்காமலே இன்னொன்றும் வாங்கித்தந்தார். கண்ணாடி முன்னால் அப்பா பனைமரமாக நீண்டதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன். "கோயில்லதான் நிக்கேன். இங்கன இல்ல, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்ப்பது பெரியப்பாவுக்குத் தெரிந்தால் ஏசுவார், அதற்காகத்தான் இந்தப் பொய் என்று எடுத்துக்கொண்டேன். மூடுகிற நேரம் வரை அங்கேயே இருந்தோம்.

புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம். பெருமாள்புரம் வழியாகப் போனால் சீக்கிரம் என்றார் டிரைவர்.

"வேண்டாம் அண்ணாச்சி. சுத்தியே போங்க."

பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா காத்திருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் என் முன்னால் குனிந்து, அக்கா வேறு எந்த இடத்தையும் சொன்னாளா, நல்லா யோசித்துச் சொல்லு என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பஸ் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். பெரியப்பா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் காருக்குப் போனார்.

அக்கா அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில்தான் இருந்தாள். மறுநாள் விடியும்போது அவளும் அந்தப் பையனும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். பெரியப்பாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குலசாமி கோவிலில் எல்லோரும் கூடி நிற்க, எரியும் சூடத்தை அடித்து அணைத்து அப்பா சத்தியம் செய்தார். மகளைக் கண்ணால் பார்க்கவில்லை, இருக்கிற வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்றார். அது அத்தனையும் உண்மை. அதன் பிறகும் அவளுடைய நம்பரை அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் வருசம் மக்காச்சோளம் ஒடிக்கும்போது புஞ்சையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாவு வீட்டு வாசலில் பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் அக்கா வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது அம்மா.

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். எல்லாம் பார்த்தாயிற்று, அக்காவை மட்டும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு எட்டு போயிருந்தால் என்னவாம் என்று முனகிக்கொண்டே வந்தேன். அப்பா என் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.